யார் வேண்டுமானாலும் திருத்தலாம், உங்களைத் தவிர

1954-இல் பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே அச்சடித்த சில பக்கங்கள், கூடவே ஒரு யோசனை. ஐந்தாம் தொகுதியில் இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை கத்தரியாலோ ரேசர் பிளேடாலோ வெட்டி எடுத்துவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் தாளை விட்டுவைத்து, அதில் இந்தப் புதுப் பக்கங்களை ஒட்டிக்கொள்ளுங்கள். வெட்டச் சொன்ன பக்கங்களில் படத்தோடு வீற்றிருந்தவர் லவ்ரெந்தி பெரியா, ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர். முந்தைய டிசம்பரில் அவரைச் சுட்டுவிட்டார்கள். ஆளையே எடுத்தாயிற்று, ஆளைப் பற்றிய கட்டுரை எதற்கு?

ஒட்டச் சொன்ன பக்கங்களில் இருந்தது பேரிங் கடல். அகரவரிசையில் பெரியாவுக்கு அண்டை வீடு. அவர் காலி செய்த இடத்தை நிரப்பியாக வேண்டுமே என்று அந்தக் கடலைப் பற்றி விலாவாரியாக எழுதித் தள்ளியிருந்தார்கள். அங்கே நீந்திய மீன்களுக்கே அவ்வளவு விஷயம் தெரிந்திருக்காது. துணைக்கு பெர்க்லி என்ற ஐரிஷ் தத்துவஞானியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பொருள் காணப்படுவதால்தான் இருக்கிறது என்று வாதாடியவர் அவர். பெரியாவின் இடத்தில் உட்கார அதைவிடப் பொருத்தமான ஆள் அகப்பட்டிருக்க மாட்டார்.

அதே 1954-இல்தான் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. வாங்கியவர்களை யாரும் பிளேடு எடுக்கச் சொல்லவில்லை. நம் ஊர்ப் புத்தகங்களின் வழக்கம் வேறு. கடைசிப் பக்கத்தில் 'பிழை – திருத்தம்' என்று அட்டவணை போட்டு, பக்க எண், வரி எண்ணெல்லாம் கொடுத்து, அந்த அட்டவணையிலும் இரண்டு அச்சுப்பிழையை விட்டுவைப்பார்கள். அதைப் பார்த்துப் பேனாவால் திருத்திக்கொண்டு படித்த புண்ணியவான் எங்காவது இருந்தால் அவருக்கு ஒரு மாலை போடலாம்.

பதிப்பாளர் திருத்துவதற்கும் பழைய சரித்திரம் உண்டு. பாரிஸில் திதரோ உயிரைக் கொடுத்து நடத்திய கலைக்களஞ்சியத்தில், அவர் மெய்ப்புப் பார்த்து ஒப்புதல் தந்து அனுப்பிய கட்டுரைகளை லெ பிரெத்தோன் என்ற பதிப்பாளர் ரகசியமாக உட்கார்ந்து வெட்டினார். அரசாங்கத்துக்கும் பாதிரிமார்களுக்கும் கோபம் வந்தால் ஜெயிலுக்குப் போவது தானல்லவா என்ற கவலை அவருக்கு. 1764-இல் எதையோ சரிபார்க்கப் புரட்டியபோதுதான் திதரோவுக்கு விஷயம் தெரிந்தது. கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். எழுதிவிட்டு அதே பதிப்பாளருக்கு மீதி வேலையையும் முடித்துக் கொடுத்தார். எழுத்தாளர்–பதிப்பாளர் உறவு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை.

ஆக, போலீஸ் திருத்தியது, பதிப்பாளர் திருத்தினார். படிக்கிறவன் திருத்த வேண்டுமானால் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த நிலைமையை மாற்றப் புறப்பட்டவர்கள் முதலில் அதை இன்னும் மோசமாக்கினார்கள்.

2000 மார்ச்சில் அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ் என்பவர் நியூபீடியா என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். எல்லோருக்கும் இலவசம், எழுதுவது தொண்டர்கள். தலைமை ஆசிரியராக லாரி சாங்கரை அமர்த்தினார். தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கும் தறுவாயில் இருந்தவர். தத்துவம் படித்தவர் கையில் நிர்வாகத்தைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரு கட்டுரை வெளியாக ஏழு படிகள். தலைப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது, தலைமைப் பரிசீலகர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது, அவர் பரிசீலிப்பது, பிறகு ஊரே பரிசீலிப்பது, மொழித்திருத்தம், ஊரே கூடி மறுபடி மொழித்திருத்தம், கடைசியில் ஒப்புதல். பாஸ்போர்ட் ஆபீஸே பரவாயில்லை. பரிசீலகர்கள் கூடுமானவரை முனைவர்களாக இருக்க வேண்டும் என்று விதி வேறு.

முதலாளிக்கே ஆசை வந்தது. நிதியியல் படித்தவர் என்பதால் ராபர்ட் மெர்ட்டன் என்ற நோபல் பொருளியலாளரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார் வேல்ஸ். கொஞ்ச நேரத்தில் வயிற்றைக் கலக்கியது. இதை எடுத்துக்கொண்டுபோய்ப் பெரிய பெரிய பேராசிரியர்களிடம் நீட்டுவார்களே, அவர்கள் சிவப்பு மையால் கிழிப்பார்களே என்று கல்லூரிக் காலத்துப் பயமெல்லாம் திரும்ப வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தானே தொடங்கிய கலைக்களஞ்சியத்தில் எழுத முதலாளிக்கே தைரியம் வரவில்லை. முதல் ஆண்டு முடிவில் ஏழு படியும் ஏறி முடித்த கட்டுரைகள் 21. இந்த வேகத்தில் போனால் 'அ' முடிவதற்குள் சூரியன் அணைந்துவிடும்.

2001 ஜனவரி 2-ஆம் தேதி ராத்திரி சாங்கர் ஒரு நிரலாளர் நண்பரோடு சாப்பிடப் போனார். வார்ட் கன்னிங்ஹாம் என்பவர் 1995-இலேயே செய்துவைத்திருந்த விக்கி என்ற மென்பொருளைப் பற்றி நண்பர் அப்போது சொன்னார். பக்கத்தைத் திறக்கலாம், கண்டதை எழுதலாம், அடுத்தவன் எழுதியதை அழிக்கலாம். அனுமதி கேட்க வேண்டாம். சாங்கருக்குப் பிடித்துப்போயிற்று. நியூபீடியாவுக்குக் கட்டுரை தேறாதா, கொல்லைப்புறத்தில் ஒரு திண்ணை போட்டுவிடுவோம் என்று நினைத்தார். முனைவர்கள் முகம் சுளித்தார்கள். கண்டவனும் கிறுக்கும் திண்ணை எங்கள் வாசலில் வேண்டாம் என்றார்கள். சரியென்று ஜனவரி 15-ஆம் தேதி அதற்குத் தனி முகவரி கொடுத்து விக்கிப்பீடியா என்று பெயரும் வைத்தாயிற்று. முதல் மாதம் 200 கட்டுரை. முதல் ஆண்டில் சுமார் 20,000. நியூபீடியா 2003-இல் இழுத்து மூடப்பட்டபோது முழுதாக முடித்திருந்தவை 25 வாக்கில்.

இதற்குக் காரணம் மனித குலத்தின் அறிவுத் தாகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எழுதித் தா என்று கேட்டால் "நேரமில்லை" என்பவன், அடுத்தவன் தப்பாக எழுதியதைக் காட்டினால் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்காருவான். முனைவர்களை வைத்து ஏழு படி கட்டிய சாங்கருக்குத் தெரியாமல் போன சங்கதி இதுதான். அவர் 2002-இல் வெளியேறி, பிறகு நிபுணர்களின் மேற்பார்வையில் சிட்டிசெண்டியம் என்று இன்னொன்றைத் தொடங்கினார். அது யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒரு மூலையில் இருந்தது.

திருத்தும் அரிப்புக்கு எல்லை கிடையாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிரைப் பற்றிய கட்டுரைக்குத் தலைப்பில் 'ஹெச்' எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்று 2003-இல் கிளம்பிய சண்டை 2011-இல்தான் ஓய்ந்தது. எட்டு வருடம். ஸ்டார் டிரெக் படம் ஒன்றின் தலைப்பில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவதா, சின்ன எழுத்தாகப் போடுவதா என்று 2012 கடைசியில் ஆயிரக்கணக்கான சொற்களில் வழக்காடினார்கள். இந்த மாதிரி வெட்டிச் சண்டைகளுக்கென்றே ஒரு பட்டியல் பக்கம் அங்கே உண்டு. அந்தப் பட்டியலில் எதைச் சேர்ப்பது என்றும் சண்டை வரும். 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியா இந்த விஷயத்தில் நம் பரம்பரையை உணர்ந்து நடந்துகொண்டது. பொதுப் பஞ்சாயத்துப் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொம்பு ஒன்றுதான் பாக்கி.

இனி ஜான் செய்கன்தாலர் கதை. பழம்பெரும் பத்திரிகையாளர், ஒரு காலத்தில் ராபர்ட் கென்னடியின் உதவியாளர். 2005 மே மாதம் அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை முளைத்தது. கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் இவருக்குப் பங்குண்டு என்று கொஞ்ச காலம் சந்தேகம் இருந்ததாம். அப்புறம் 1971-இலிருந்து 1984 வரை சோவியத் யூனியனில் போய் வாழ்ந்தாராம். மனிதர் அந்த வருடங்களில் அமெரிக்காவில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். நாஷ்வில் ஊரில் பார்சல் கொண்டுகொடுக்கும் கம்பெனி ஊழியர் ஒருவர், கூட வேலை பார்ப்பவரைக் கலாய்க்க எழுதிய விளையாட்டு அது.

நான் ரசித்தது அடுத்து நடந்ததை. மூன்று நாள் கழித்து வேறொருவர் அந்தக் கட்டுரையைத் திருத்த வந்தார். ஓர் அரசியல் கொலை, கூடவே ஒரு ஜனாதிபதி கொலை, பதின்மூன்று வருட ரஷ்ய வாசம் எல்லாவற்றையும் தாண்டிப் போய், ஒரு சொல்லில் இருந்த எழுத்துப்பிழையைச் சரிசெய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கொலைப்பழி நான்கு மாதத்துக்கு மேல் பிழையற்ற ஆங்கிலத்தில் அங்கேயே இருந்தது. நவம்பரில் செய்கன்தாலர் 'யுஎஸ்ஏ டுடே'யில் எழுதிய பிறகு உலகமே சிரித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக, பெயர் பதியாதவர்கள் இனிப் புதுக் கட்டுரை தொடங்கக் கூடாது என்று விதி வந்தது. ஊழியர் வேலையை விட்டார். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சிபாரிசு செய்தவர், கொலைப்பழி சுமந்த அதே செய்கன்தாலர்.

செய்கன்தாலரின் கட்டுரை வந்து இரண்டு வாரத்தில் 'நேச்சர்' ஆய்விதழ் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியா, பிரிட்டானிகா இரண்டு கலைக்களஞ்சியங்களின் கட்டுரைகளையும் எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவில் 162 பிழை, பிரிட்டானிகாவில் 123. ஜெயித்த பிரிட்டானிகாவுக்குத்தான் கோபம். எங்களுக்கும் அந்தத் திண்ணைப் பயல்களுக்கும் இவ்வளவுதான் வித்தியாசமா என்று இருபது பக்கத்துக்கு மறுப்பு எழுதினார்கள். தோற்றவர்கள் மறுப்பு எழுதவில்லை. பட்டியலை வாங்கி, வரிசையாக அத்தனை பிழையையும் திருத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் லண்டனில் 12 வயதுப் பையன் ஒருவன் போலந்து, மத்திய ஐரோப்பா பற்றி பிரிட்டானிகாவில் ஐந்து பிழை கண்டுபிடித்துக் கடிதம் போட்டிருந்தான். நன்றி சொல்லிப் பதில் வந்தது, அடுத்த பதிப்பில் திருத்துவதாக.

2006 ஜூலையில் ஸ்டீபன் கோல்பேர் என்ற நகைச்சுவையாளர் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்க யானைகளின் எண்ணிக்கை ஆறே மாதத்தில் மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று போய் எழுதுங்கள் என்றார். ஜனங்கள் எழுதினார்கள். யானைக் கட்டுரைகளைப் பூட்டிவைக்க வேண்டிவந்தது. காடுகளில் யானைகள் வழக்கம்போல் குறைந்துகொண்டிருந்தன.

இவர்களாவது கூட்டமாக வந்தார்கள். தனி ஆளாக வந்தவர்கள்தான் கெட்டிக்காரர்கள். 2008-இல் ஓர் அமெரிக்க மாணவன், பிரேசிலில் பார்த்த கோவாட்டி என்ற பிராணிக்கு 'பிரேசில் ஆர்டுவார்க்' என்றும் பெயருண்டு என்று போகிற போக்கில் சேர்த்தான். ஆர்டுவார்க் ஆப்பிரிக்காவில் வாழ்வது; இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் அதைப் பார்த்து எழுதின. ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகத்திலும் ஏறியது. பிறகு விக்கிப்பீடியாவில் அந்த வரிக்குச் சான்றாக நாளிதழையே காட்டினார்கள். திருடன் கொடுத்த சாட்சியை வைத்துத் திருடனுக்கே நன்னடத்தைச் சான்றிதழ்.

பிரிட்டனில் 2012-இல் இன்னொரு மாணவன், மின்சார டோஸ்டரைக் கண்டுபிடித்தவர் என்று தன் நண்பனின் பெயரில் ஒரு ஸ்காட்லாந்து விஞ்ஞானியைப் படைத்தான். 1893, எடின்பரோ என்று ஆண்டும் ஊரும் கொடுத்து, பழைய காலப் புகைப்படம் மாதிரி ஒன்றைத் தயாரித்தும் போட்டான். விஞ்ஞானி பத்து வருடம் சௌக்கியமாக இருந்தார். ஸ்காட்லாந்தில் ஓர் ஆரம்பப் பள்ளி அவருக்கு நாள் கொண்டாடியது. 50 பவுண்டு நோட்டில் யார் முகத்தைப் போடலாம் என்று இங்கிலாந்து வங்கி கேட்டபோது வந்த பெயர்களில் அவரும் இருந்தார். 2022-இல் ஒரு 15 வயதுப் பையன் படத்தை உற்றுப் பார்த்து, இது பழைய படம் மாதிரி இல்லையே என்றான். அவ்வளவுதான், விஞ்ஞானி காலமானார்.

ஆனாலும் இந்த வகையில் முதல் பரிசு நம் நாட்டுக்குத்தான். கோவாவில் பிச்சோலிம் என்று ஓர் ஊர் உண்டு, ஊர் நிஜம். 1640–41-இல் அங்கே போர்த்துகீசியர்களுக்கும் மராட்டியப் பேரரசுக்கும் ஒரு யுத்தம் நடந்ததாக 2007-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை வந்தது. குட்டிக் கட்டுரை அல்ல. படை நகர்வு, உடன்படிக்கை, அடிக்குறிப்பு எல்லாம் கொண்ட சுமார் 4,500 சொல். சில மாதத்திலேயே அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தகுதி கிடைத்தது. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத தகுதி அது. யுத்தம் நடக்கவே இல்லை. சான்றாகக் காட்டிய புத்தகங்களும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. 1640-இல் சிவாஜிக்குப் பத்து வயது. அவர் ராய்கட்டில் முடிசூட்டிக்கொண்டது 1674-இல். பேரரசு பிறக்கும் முன்பே பேரரசின் படை கோவாவுக்குப் புறப்பட்டுவிட்டது. மகாராஷ்டிராவில் நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டிருந்தால்கூடச் சிரித்திருக்கும். ஆனால் பரிசீலித்தவர்கள் பார்த்தது சிவாஜியின் வயதை அல்ல. அடிக்குறிப்பு இருக்கிறதா? இருக்கிறது. நூல் பெயர், பக்க எண்? பேஷாக இருக்கிறது. போட்டுவிடு முத்திரையை. ஐந்து வருடம் கழித்து, 2012 கடைசியில், யாரோ ஒருவர் அந்தப் புத்தகங்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் யுத்தம் முடிவுக்கு வந்தது. இரு தரப்பிலும் சேதம் இல்லை.

அதே 2012-இல், பிச்சோலிம் யுத்தம் பதக்கத்தோடு உலவிக்கொண்டிருந்த நாட்களில், பிலிப் ராத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் பெரிய நாவலாசிரியர். 2000-இல் அவர் எழுதிய 'தி ஹ்யூமன் ஸ்டெயின்' நாவலின் நாயகன், கறுப்பர் என்பதை மறைத்து வெள்ளையராக வாழ்கிற பேராசிரியர். இதற்கு மூலம் அனட்டோல் பிரொயார்ட் என்ற எழுத்தாளரின் வாழ்க்கை என்று விக்கிப்பீடியா சொன்னது. இல்லை, பிரின்ஸ்டனில் இருந்த என் நண்பர் மெல்வின் டியூமினுக்கு வகுப்பறையில் நேர்ந்த ஒரு சம்பவம்தான் மூலம் என்று ராத் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பதில் வந்தது. தன் படைப்பைப் பற்றி நாவலாசிரியருக்கே அதிகம் தெரியும் என்பது புரிகிறது, இருந்தாலும் எங்களுக்கு இரண்டாம் நிலைச் சான்று வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. பாட்டை எழுதிய சிவபெருமானே சபைக்கு நேரில் வந்து, எழுதியவன் நான்தான் என்று சொல்லி, நெற்றிக்கண்ணையும் திறந்து காட்டிய பிறகும் நக்கீரர் மசியவில்லையே. மதுரைச் சங்கத்துக்கு விக்கிப்பீடியா நிர்வாகி ஒருவரை அனுப்பியிருந்தால் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பார். ஒரு வித்தியாசம், நக்கீரர் வெந்துபோனார். விக்கிப்பீடியா நிர்வாகிகளுக்குப் புனைபெயர் இருக்கிறது, முகவரி தெரியாது.

ராத்திடம் நெற்றிக்கண் இல்லை, 'நியூயார்க்கர்' இருந்தது. அங்கே விக்கிப்பீடியாவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், நீளமாக, கோபமாக, நாவலாசிரியருக்கே உரிய விவரங்களோடு. கடிதம் வெளியானது. விக்கிப்பீடியாவும் கட்டுரையில் அவர் சொன்னதைச் சேர்த்தது. சான்று: நியூயார்க்கர், பிலிப் ராத். வாயால் சொன்னபோது செல்லாத அதே ஆள், பத்திரிகையில் அச்சானதும் செல்லுபடியாகிவிட்டார். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிரொயார்டின் பெயரை அவர்கள் கற்பனை செய்யவில்லை. புத்தக மதிப்புரை எழுதியவர்கள் சொன்னதைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். நாவலாசிரியர் தன் நாவலைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புவதும் விவேகம் ஆகாது. என்றாலும், இல்லாத புத்தகத்தின் பக்க எண்ணோடு வந்தவனுக்கு ஐந்து வருடம் பாயும், இருக்கிற புத்தகத்தை எழுதியவருக்கு வாசலில் நிற்கும் மரியாதையும் ஒரே நேரத்தில் கிடைத்ததைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வது?

ஜிம்மி வேல்ஸுக்கும் இதே கதிதான். 2005-இல் தன்னைப் பற்றிய கட்டுரையில் சாங்கரை இணை நிறுவனர் என்று சொன்ன இடங்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். விக்கிப்பீடியாவில் யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்பது 'வரலாறு' பக்கத்தில் நிமிடக் கணக்கோடு பதிவாகும். அவர் செய்ததைக் கண்டுபிடித்தவர்களுக்கு அந்த வசதியுள்ள தளத்தைத் தொடங்கிக் கொடுத்தவரே வேல்ஸ்தான். கண்டுபிடித்தார்கள், எழுதினார்கள், அவரும் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். பெரியாவின் ஆட்கள் இதைப் பார்த்திருந்தால் இவ்வளவு அமெச்சூராகவா என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய பிறந்தநாளிலும் ஒரு சிக்கல். அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லில் 1966 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, நள்ளிரவுக்குச் சற்று முன் பிறந்தார் என்பது குடும்பத்தார் கணக்கு. பிறப்புச் சான்றிதழ் ஆகஸ்ட் 8 என்கிறது. பிரசவ நேரத்தில் கூடவே இருந்தவர் என்ற முறையில் அம்மா சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று நினைப்பீர்கள். விதிப்படி அம்மா முதல்நிலைச் சான்று. அவரை யாராவது ஒரு நிருபர் பேட்டி கண்டு, அது அச்சில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.